குசினிக்குப் பக்கத்து அறையில் வைத்த மருள்

என் வீட்டில் நான்கு அறைகள். நான் ஒருத்தி. இந்தக் கணக்கை என்னைத் தவிர எல்லாரும் போட்டுப் பார்த்துவிட்டார்கள். நாவற்குடாவில் வாவியைப் பார்த்தபடி நிற்கும் இந்த வீட்டை அப்பா எனக்குச் சீதனமாகக் கட்டினார். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். ஆண்பிள்ளை கலியாணம் முடித்தால் மனைவியின் வீட்டுக்குப் போய்விடுவான். வீடு எழும்பியது, காணி உறுதி என் பெயரில் எழுதப்பட்டது, மாப்பிள்ளை மட்டும் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதை ஊர் என்னைவிட நன்றாக அறியும், ஆகவே நான் சொல்லத் தேவையில்லை.

ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற வேலையில் முப்பது வருடம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றேன். வீட்டுக்குள் செடி வைக்கிற பைத்தியம் அதற்குப் பிறகுதான் பிடித்தது. பைத்தியம் என்பது என் தம்பியின் சொல். இருக்கட்டும்.

முதலில் எல்லாரையும் போல நானும் பிழை விட்டேன். கண்ணைப் பறித்த ஓர் அந்தூரியத்தை வாங்கிவந்து வாவிப் பக்கத்து யன்னலில் வைத்தேன். அது கச்சான் வீசுகிற காலம். மேற்கிலிருந்து வந்த அந்தச் சூட்டுக் காற்றில் ஐந்து நாளில் இலை அப்பளமாகிவிட்டது. அன்றைக்குத்தான் விளங்கியது, முதலில் பார்க்க வேண்டியது செடியை அல்ல, அறையை. அதற்கு எனக்கு ஒரு வழி இருக்கிறது. மத்தியானம் விளக்குப் போடாமல் அறைக்குள் ஒரு கதிரையில் இருந்து, மருந்துக் குளிசை அட்டையில் உள்ள பொடி எழுத்தை வாசிக்க வேண்டும். சிரமமில்லாமல் வாசித்தால் பூக்கிற செடி வைக்கலாம். கண்ணைச் சுருக்கி வாசித்தால் இலைச் செடி. வாசிக்கவே முடியாவிட்டால் ஒன்றும் வைக்கக் கூடாது.

இப்படித்தான் ஒவ்வோர் அறையாகப் போனேன். வாள் போல இலை நிமிர்ந்து வெயிலையும் காற்றையும் தாங்குகிற மருள் வாவிப் பக்கத்து யன்னலுக்குப் போனது. மெல்லிய திரைக்குள்ளால் வெளிச்சம் வருகிற முன் அறைக்கு இரண்டாவது அந்தூரியம். படுக்கிற அறையில் அலுமாரிக்கு மேலே மணி பிளாண்ட். குளியலறைப் பக்கத்து அறையில் ஈரம் நிற்கும், அங்கே இறகு போல இலை விடுகிற பன்னம். சமைக்கிற குசினி யன்னலில் கற்பூரவள்ளி. வெயில் காலத்தில் எங்கள் கிணறு உவர்த்துவிடும், அந்தத் தண்ணீரை ஊற்றினால் இலை நுனி கருகும். ஆகவே மாரியில் இரண்டு பீப்பாய் நிறைய மழைத்தண்ணீர் பிடித்து வைப்பேன். ஊற்றுவது அளந்துதான். செடி வாடிவிட்டதென்று மேலும் மேலும் தண்ணீர் ஊற்றுகிறவர்களைக் கண்டால், இரண்டு குளிசை போடச் சொன்னால் நான்கை விழுங்கிவிட்டு வந்து நின்றவர்களின் ஞாபகம்தான் வரும்.

என் தம்பி பழுகாமத்தில் கலியாணம் முடித்தவன். அங்கே இருந்த வீடு அவனுடைய மூத்த மகளுக்குப் போய்விட்டது. போன வருடம் ஒரு நாள் வந்து, தேத்தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தான்.

"அக்கா, சின்னவளுக்கு ஒரு இடம் பொருந்தி வந்திரிக்கி. நல்ல பொடியன். வீடு ஒண்டுதான் கேக்கிறாங்க."

"இந்த வீடா?"

"ஆருமில்லாத அறையெல்லாம் மரத்துக்குத்தானே விட்டிரிக்கிங்க. நீங்க எங்கயும் போகத் தேவல்ல. குசினிக்குப் பக்கத்து அறை உங்களுக்குக் காணும். சின்னவள் உங்கட மருமகள்தானே, நல்லாப் பாப்பாள்."

நான் அறையென்றே எண்ணாத அந்தச் சாமான் அறையில் அரிசி மூட்டையும் வெங்காயமும் இருந்தன. யன்னல் கிடையாது. மேலே புகை போகிற துவாரம் இரண்டு. அதைத்தான் எனக்குப் போதும் என்றான். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தத் தேத்தண்ணீரை அவன் தலையில் ஊற்றியிருக்க வேண்டும். ஆனால் என் தம்பி கெட்டவன் இல்லை, அதுதான் கரைச்சல். கெட்டவனுக்கு இல்லை என்று சொல்வது சுகம். பிள்ளைக்காகக் கெஞ்சுகிறவனுக்கு என்ன சொல்வது?

"மூண்டு மாசம் தா. மறுகா சொல்றன்" என்றேன். அவன் சம்மதம் கிடைத்த முகத்தோடு போனான்.

அவன் போனதும் அந்த அறைக்குள் கதிரையைப் போட்டு இருந்து பார்த்தேன். மத்தியானம் பன்னிரண்டு மணி. குளிசை அட்டையில் ஓர் எழுத்தும் தெரியவில்லை. மனசுக்குள் பயம் வந்தது, மறைக்க மாட்டேன். உறுதியில் ஒரு கையெழுத்து, அதோடு மிச்சக் காலம் முழுவதும் இந்தச் சுவருக்குள். வாவிப் பக்கத்து அறையில் நின்ற மருளைப் பிரித்து, ஒரு பாதியைப் புதுச் சாடியில் நட்டு, அந்த அறைக்குள் கொண்டுபோய் வைத்தேன். மருள் எங்கள் பற்றைக் காடுகளில் யாரும் கேளாமல் வளர்வது. செடிக்கடைக்காரர் அதற்கு ஓர் இங்கிலிஷ் பெயர் வைத்து, எந்த மூலையில் வைத்தாலும் வளரும் என்று சொல்லி விற்கிறார். அதைவிடப் பொறுமையான செடி என்னிடம் இல்லை. ஆகவே நான் அநியாயம் செய்ததாக யாரும் சொல்ல முடியாது.

மூன்று மாதம் முடிய இன்னும் நான்கு நாள் இருக்க, தம்பி மாப்பிள்ளையின் தாயை வீடு பார்க்கக் கூட்டிவருவதாகப் போன் பண்ணினான். "மரத்தையெல்லாம் எடுத்து வெளிய வளவுக்க வைங்க அக்கா, அறை பெரிசாத் தெரியும்." நான் ஒரு சாடியைக்கூட நகர்த்தவில்லை. வேண்டுமென்றே இலைகளை ஈரத் துணியால் துடைத்துப் பளபளப்பாக்கினேன்.

அந்த அம்மா என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டார். ஒவ்வோர் அறையிலும் தம்பி, "இது பிள்ளையள்ற அறை", "இது வாற போற ஆக்களுக்கு" என்று சொல்லிக்கொண்டு போனான். நான் பின்னாலேயே, "இது பன்னத்துக்கு", "இது அந்தூரியத்துக்கு" என்று சொல்லிக்கொண்டு போனேன். தம்பியின் காது சிவந்துவிட்டது. குசினிக்குப் பக்கத்தில் வந்ததும், "இது அக்காட அறை" என்றான்.

நான் உள்ளே போய்ச் சாடியைத் தூக்கிவந்தேன். வாவிப் பக்கத்து யன்னலில் இருந்த மற்றப் பாதிக்குப் பக்கத்தில் வைத்தேன். அது மூன்று புதுக் குருத்து விட்டிருந்தது. இதில் பச்சை வெளிறி, இரண்டு இலை துவண்டு சாடியின் விளிம்பில் சாய்ந்து கிடந்தது.

"ரெண்டும் ஒரே கிழங்கு, ஒரே மண், ஒரே தண்ணி" என்றேன். "மூண்டு மாசத்தில பதில் சொல்றன் எண்டன். இதுதான் பதில். நான் வீட்டத் தரமாட்டன்."

"சாகல்லதானே அக்கா" என்றான் தம்பி மெதுவாக.

"ஓம், சாகல்ல."

அந்த அம்மா குனிந்து துவண்ட இலையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"மூத்தவளுக்கு வீட்டக் குடுத்திட்டு ஒன்பது வருசமா இப்பிடி ஒரு அறையிலதான் நானும் படுக்கிறன்" என்றார். "அவள் நல்லாத்தான் பாக்கிறாள். ஒரு குறை சொல்லேலாது." பிறகு இலையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "இத மறுகா அதுக்குள்ள வைக்காதீங்க, தங்கச்சி."

அவர் கலியாணத்தைக் குழப்பவில்லை. வேறு வீடு கட்டும் வரை பொறுப்பதாகச் சொல்லி அனுப்பினார். தம்பி ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை, பிடிவாதத்திலும் நான் அவனுக்கு அக்கா. பிறகு நானே கூப்பிட்டு, வளவின் கிழக்குப் பக்கத்தை மருமகளுக்கு எழுதித் தருகிறேன், கட்டு என்றேன். போன கிழமை கட்டப்போகிற வீட்டின் படத்தைக் கொண்டுவந்து மேசையில் விரித்தான். மருமகளின் அறை, மண்டபம், சாமி அறை, குசினி. குசினிக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சதுரம், நான்கு பக்கமும் சுவர்.

"இது ஆருக்கு?"

அவன் தலையைச் சொறிந்தான். "எங்களுக்குத்தான் அக்கா. வயசு போனா நானும் அவவும் எங்க போறது?"

நான் பேனையை எடுத்து அவன் கையில் வைத்தேன். "அதில யன்னல் கீறு. கீறாட்டி நான் உறுதியில கையெழுத்து வைக்கமாட்டன்."