வெள்ளிக்கிழமைக் குளிசைகள்

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள். எழுத்து ஒழுங்காக வராது. நடந்தவையும் முன்பின்னாகத்தான் ஞாபகம் வருகின்றன. வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். சபையில் சாட்சி சொல்லக் கூப்பிட்டபோதெல்லாம் கடைசி வாங்குப் பலகையில் ஒளித்திருந்தவள் நான். ஆட்களின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததைக் கொப்பியில் எழுதுகிறேன்.

எங்கள் சபை, தேவாலயத்துக்குப் பக்கத்து மண்டபத்தில் வெள்ளிக்கிழமை தோறும் ஒரு கிளினிக் நடத்தியது. மண்டபத்தைக் கூட்டுவது, நம்பர் துண்டு கொடுப்பது, தேத்தண்ணீர் போடுவது என் வேலை. வெளிநாட்டில் வேலை செய்து ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பிய டொக்டர் ஒருவரும், புதிதாக வந்த இளம் தாதி ஒருத்தியும் இருந்தார்கள். வருகிறவர்களில் பாதிக்கு மேல் சைவ ஆட்கள். தொடங்கமுன் டொக்டர் ஒரு சின்ன ஜெபம் செய்வார். அவர்கள் எழும்பி நின்று நிலத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நாடெங்கும் மருந்துத் தட்டுப்பாடு வந்த காலம் அது. பல வெள்ளிகள் ஆட்களை வெறுங்கையோடு திருப்பி அனுப்பினோம். "கர்த்தர் தருவார், பொறுங்கோ" என்றார் டொக்டர். ஒருநாள் வெளிநாட்டிலிருந்து ஒரு பெட்டி வந்தது. டொக்டர் முழங்காலில் நின்று நன்றி சொன்னார். நானும் ஆமென் சொன்னேன், ஒரு கண்ணைத் திறந்து பெட்டியைப் பார்த்தபடி. அதற்குள் ஒரு பெரிய வெள்ளைப் போத்தல் நிறைய, நீரிழிவு என்கிற சீனி வருத்தத்துக்கான குளிசைகள். போத்தலில் ஒட்டியிருந்த தாளுக்கு மேல் இன்னொரு தாள் ஒட்டியிருந்தது. ஒரு போத்தலுக்கு ஏன் இரண்டு தாள்?

அந்தக் குளிசையை முதலில் வாங்கியவர்களில் ஒருத்தி சுன்னாகம் பக்கத்தில் வெங்காயத் தோட்டம் செய்கிறவள். ஐம்பது வயதிருக்கும், வாய் திறக்காத பெண். அந்தக் குணத்தால்தான் எனக்கு அவளைப் பிடித்தது. அடுத்த வெள்ளி வந்தவள், வாங்கில் இருந்தபடியே வியர்த்து ஒரு பக்கம் சரிந்தாள். தாதி விரலில் குத்திப் பார்த்துவிட்டு, இரத்தத்தில் சீனி அளவுக்கு மிஞ்சி இறங்கிவிட்டது என்று குளுக்கோஸ் ஊசி போட்டாள்.

"காலமை சாப்பிட்டனியோ?" என்று டொக்டர் கேட்டார்.

"ஓம் டொக்டர்."

டொக்டர் குளிசையைப் பாதியாக்கினார். மறு வெள்ளியும் அவள் விழுந்தாள். அன்று கண் திறக்கக் கனநேரம் எடுத்தது. இன்னொரு முறை விழுந்தால் எழும்புவாளோ என்று தாதி மெல்லச் சொன்னது என் காதில் விழுந்தது.

எல்லோரும் போனபின் மேல் தாளை நகத்தால் உரித்தேன். அடியில் இருந்த எழுத்துகள் எனக்குத் தெரியாது, இலக்கம் தெரியும். போன வருடத்து இலக்கம் இருந்தது. காலம் முடிந்து அங்கே கழித்துவிட்ட மருந்தை எங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள் என்றே நினைத்தேன். டொக்டருக்கு இது தெரியுமோ? தாதியும் உடந்தையோ? கேட்க வெட்கம், பயம். போத்தலைக் கொண்டுபோய், திருவிருந்துப் பாத்திரங்கள் வைக்கிற அலுமாரிக்குள் பூட்டினேன். திறப்பு என்னிடம்தான் இருந்தது.

அடுத்த வெள்ளி போத்தலைத் தேடாத இடம் இல்லை. டொக்டர் தாதியைப் பார்த்தார். அவள் முகம் சிவந்து, "நான் ஏன் டொக்டர் எடுக்கிறன்?" என்று அழுதாள். நம்பர் துண்டோடு இருந்த ஒரு கிழவர், "உங்கடை ஆண்டவர் தந்ததை உங்கடை ஆக்களே எடுத்துப்போட்டினமோ?" என்று கேட்க, மண்டபம் முழுக்கச் சிரித்தது. நான் தேத்தண்ணீர்க் கேத்திலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெங்காயத் தோட்டக்காரி அன்றும் வந்தாள். முந்தித் தந்த குளிசையில் மிச்சம் வைத்திருந்தாளாம். சற்று நேரத்தில் அவள் மேலுதட்டில் வியர்வை அரும்பியது, கை நடுங்கியது. நான் சீனி அள்ளிப்போட்டுத் தேத்தண்ணீர் கொண்டு ஓடினேன்.

"வேண்டாம் அக்கா."

"குடி பிள்ளை, விழப்போறாய்."

"இண்டைக்கு வேண்டாம்."

எங்களைப் போன்ற வேதக்காரரின் கோப்பையில் வாய் வைக்க மாட்டாளோ என்று அவள் மேலும் சந்தேகம் வந்தது. கிட்டக் குனிந்தேன். நெற்றி துடைத்துச் சுத்தமாக இருந்தது. தலைமயிர் தொடங்குகிற ஓரத்தில் மட்டும் மெல்லிய வெள்ளைக் கோடு. கோயிலுக்குப் போய்ப் பூசிய நீறை எங்கள் வாசலில் துடைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

"விரதமோ?" என்றேன்.

என் கையை இறுக்கிப் பிடித்தாள். "டொக்டருக்குச் சொல்லிப்போடாதேங்கோ அக்கா. விரதக்காரருக்கு நீங்கள் மருந்து தரமாட்டியள் எண்டு பக்கத்து வீட்டுக்காரி சொன்னவ. மகளுக்கு இந்த முறையாவது பிள்ளை தங்கவேணும். வெள்ளியிலை பொழுதுபடுமட்டும் பச்சைத்தண்ணிதான்."

"குளிசை?"

"அதைக் காலமை போட்டனான். மருந்து சாப்பாடு இல்லைத்தானே?"

டொக்டரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். என் வாயிலிருந்து அவ்வளவு வார்த்தை வந்ததை அவர் அதற்கு முன் கேட்டதில்லை. அவர் அவளுக்குப் பக்கத்தில் போய் வாங்கில் இருந்தார்.

"என்ரை அம்மம்மாவும் வெள்ளி விரதம் பிடிச்சவ. பால் குடிப்பா. நீ பால் குடிப்பியோ?"

அவள் யோசித்துத் தலையாட்டினாள். சீனி கரைத்த பாலை நானே அவள் வாயில் வைத்தேன். நடுக்கம் நிற்கும்வரை கோப்பையை விடவில்லை. விரத நாளில் காலைக் குளிசை போடவேண்டாம், இரவுச் சாப்பாட்டோடு போடு என்றார் டொக்டர். "விரதத்துக்கு நான் குறுக்கை நிக்கேல்லை. பொய் மட்டும் சொல்லாதை பிள்ளை, தெரியாமல் மருந்து தந்து நான் உன்னைக் கொன்றுபோடுவன்."

பொய் என்ற சொல் என்னைக் குத்தியது. அலுமாரியைத் திறந்து போத்தலை மேசையில் வைத்தேன்.

டொக்டர் திருப்பிப் பார்த்தார். "அம்மா, இது செய்த வருசம். முடியிற வருசம் உங்கை கீழை கிடக்கு. மேல் தாள் தமிழிலை பேர் எழுதி நான்தான் ஒட்டினனான். கேட்டிருக்கலாமே?"

அதையும் நான் உடனே நம்பவில்லை. இலக்கங்களைத் துண்டில் எழுதிக்கொண்டுபோய் ஒரு பாமசியில் காட்டினேன். சரி என்றார்கள். தாதியிடம் மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நாள் அவள் முகம் கொடுக்கவில்லை. பிறகு ஒருநாள், "அன்ரி, இந்தத் தேத்தண்ணிச் சீனிப் போத்தலையும் ஒருக்கா உரிச்சுப் பாருங்கோவன்" என்றாள். அப்போதுதான் எனக்குச் சோறு இறங்கியது.

கர்த்தரை நம்புகிறேன் என்று சொல்லிக்கொண்டே அவர் அனுப்பியதை ஒளித்தவள் நான். ஆனாலும் அந்த நீற்றுக் கோட்டை எனக்குக் காட்டியது அவர்தான் என்று நம்புகிறேன். இதை எங்கள் போதகரிடம் இன்னும் சொல்லவில்லை.

மறு வெள்ளி அவள் நெற்றி நிறைய நீறோடு வந்தாள். "காலமை குளிசை போட்டனியோ?" என்றேன். "இல்லை அக்கா" என்றாள். நம்பாமல், குளிசை உறையை வாங்கி ஒவ்வொன்றாக எண்ணினேன். சரியாக இருந்தது.

அவள் விழுந்தது இரண்டு முறையா மூன்று முறையா, குளிசை பாதியா காலா என்பது எனக்கு இப்போது திடமில்லை. அந்தத் தாதி இப்போது வேறு ஊரில் இருக்கிறாள். யாராவது இந்தக் கொப்பியை அவளிடம் காட்டி, பிழையான இடங்களைத் திருத்தித் தரச் சொல்லுங்கள். போத்தலை ஒளித்ததை மட்டும் திருத்த வேண்டாம், அது சரியாகத்தான் எழுதியிருக்கிறேன்.