மாமா குறைக்கச் சொல்லவில்லை

பக்கவாதம் வந்த பிறகும் கன்னிவாடியில் தனியாகவே இருந்த என் மாமனாரைக் கொடைக்கானலில் எங்கள் வீட்டுக்குக் கூட்டிவர என் மனைவி இரண்டு மாதம் மல்லுக்கட்டினாள். இனி தனியே விடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மகள் வீட்டில் போய்த் தங்குவதா என்று முரண்டு பிடித்தவர், ஒருவழியாகச் சம்மதித்தார்.

அவர் கேட்டது ஒன்றுதான்: காலையில் முருகன் பாட்டு. என்னிடம் இருந்தது லினக்ஸ் போட்ட பழைய கம்ப்யூட்டர். இயர்போன் செருகும் துளை செத்துப்போனதால், டிஜிட்டல் கேபிள் வழியாகத்தான் ஆம்ப்ளிஃபயருக்குச் சத்தம் போகும். ஓசியில் வந்த ஆம்ப்ளிஃபயர். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் அதன் திருகு உடைந்து உச்சத்திலேயே நின்றிருந்தது. கம்ப்யூட்டரில் குறைத்துக்கொள்ளலாம் என்று தெனாவட்டாக இருந்தேன். திரையில் வால்யூம் கோடு பூஜ்யம் வரை இறங்கியது. சத்தம் இம்மியும் குறையவில்லை. டிஜிட்டல் வழியில் போகும் சத்தத்தை அந்தக் கோடு தொடவே தொடாதாம்.

பலகைச் சுவர் அதிர்ந்தது. மாமா நல்ல கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

"சத்தம் சாஸ்தியா இருக்குங்களா மாமா?"

"இருக்கட்டும் மாப்ளே. நல்லாத்தான் கேக்குது."

நிறுத்தப் போனால், "ஓடட்டுமே மாப்ளே" என்பார். மாப்பிள்ளையிடம் குறை சொல்லி அவர்கள் குடும்பத்தில் யாருக்கும் பழக்கமில்லை. அந்த மரியாதையைக் கண்டாலே எனக்கு எரிச்சலாக வந்தது.

மூன்று நாள் இணையத்தைத் துழாவினேன். மென்பொருளிலேயே புதிதாக ஒரு வால்யூம் கோட்டை உண்டாக்க வேண்டுமாம். ஒரு ஃபைலில் பத்து வரி. எழுதினேன். கோடு வரவில்லை. அதன் வழியாக ஒருமுறை பாட்டு ஓடினால்தான் அது தலைகாட்டும் என்று பிறகு படித்தேன். குறைக்க வேண்டுமென்றால் முதலில் ஒருமுறை முழுச் சத்தம். கேபிளைக் கழற்றிவிட்டு ஓட்டியிருக்கலாம். அந்தப் புத்தி எனக்கு வரவில்லை. ஓட்டினேன். மாமா இருந்த அடுத்த அறையில் காபி டம்ளர் உருண்டது.

கோடு வந்தது. இழுத்தேன், குறைந்தது. பக்கத்து அறைக்கு ஓடினேன்.

"கேளுங்க மாமா, இப்ப கொறைஞ்சிருச்சு."

மாமா ஒரு கையாலேயே சட்டைகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"நல்லாருக்கு மாப்ளே," என்றார். "தோட்டத்துல சோலி கெடக்கு. நாளைக்கு வெள்ளனே பஸ் ஏறிர்றேன்."

தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டு ஒரு வருஷமாகிறது. அது எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும்.

"சரிங்க மாமா," என்றேன்.