கம்ப்யூட்டருக்கு ஏர் அடித்த சனிக்கிழமை

வேலம்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு பக்கமும் பனியன் துணி பின்னும் நிட்டிங் கம்பெனிகள். நூல் ஓடும்போது கிளம்பும் பஞ்சு ஜன்னல் வழியாக வந்து, காலையில் துடைத்த மேசைமேல் மதியத்துக்குள் படிந்துவிடும். ஃபேன் இறக்கையில் தொங்கும். சாமி படத்தின் சட்டத்தில் தொங்கும். கம்ப்யூட்டரை மட்டும் அது விட்டுவைக்கும் என்று நினைக்கக் காரணமில்லை.

என் மனைவி அப்படி நினைக்கவுமில்லை. கம்ப்யூட்டர் வந்த வாரமே, வெட்டி மிஞ்சும் கட்டிங் வேஸ்ட் துணியில் நல்ல துண்டாகப் பார்த்து எடுத்து, அதன் பெட்டிக்கு ஓர் உறை தைத்துவிட்டாள். மிக்ஸிக்கும் கிரைண்டருக்கும் ஏற்கெனவே இருந்தன. இது வெளிர் மஞ்சள் இன்டர்லாக், தடித்த பனியன் துணி. அடியில் எலாஸ்டிக், முன்னால் பட்டனுக்கு ஒரு துளை, பின்னால் ஒயர்களுக்கு ஒரு துளை. அளவெடுத்துத் தைத்த பனியன் போலப் பெட்டியை இறுக்கமாகப் பிடித்துக்கொண்டது. துளைகள் இருந்ததால் கழற்ற வேண்டிய வேலையே இல்லை. கம்ப்யூட்டர் ஓடும்போதும் பனியனோடுதான் ஓடியது.

அவள் அதில் குழந்தைகள் உடுப்பில் அச்சடிக்கும் படங்களை வரைகிறாள். முன்பெல்லாம் வேறொரு ஓவியருக்கு உதவியாக வரைந்து கொடுத்தாள். ஒரு பிரிண்டிங் யூனிட் முதல்முறையாக நேரடியாக அவளிடமே ஒரு படம் கேட்டிருந்தது. குடை பிடித்த யானைக்குட்டி. சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் வந்தால் அச்சடிக்க ஸ்கிரீன் போடுவார்கள். வராவிட்டால் வழக்கமாக வரைபவரிடம் போய்விடும். அதன்பிறகு அவளை மறுபடி கேட்பார்கள் என்று சொல்ல முடியாது.

அந்தச் சனிக்கிழமை காலையில் கம்ப்யூட்டர் தானாக அணைந்தது. போட்டால் எரியும், யானையின் ஒரு காது முடிவதற்குள் மறுபடி அணையும். பென் டிரைவில் அவ்வப்போது ஒரு பிரதி எடுத்து வைக்கும் பழக்கம் அவளுக்கு உண்டு, அதனால் வரைந்தவரை படம் பத்திரமாக இருந்தது. அதைத் திறக்கத்தான் இடமில்லை. அந்த வரைகலை மென்பொருள் எங்கள் தெருவில் வேறு யாரிடமும் இல்லை.

அவள் தன் அண்ணனுக்குப் போன் செய்தாள். மச்சான் பக்கத்து நிட்டிங் கம்பெனியில் மெக்கானிக். வந்ததும் உறையை உருவினார். பெட்டி தொட முடியாத சூட்டில் இருந்தது. பக்கத் தகட்டைக் கழற்றினார். உள்ளே ஃபேனைச் சுற்றிப் பஞ்சு கம்பளித் துண்டு போலத் திரண்டு கிடந்தது.

“அம்முணி, இதுல ஒரு கொழந்தைக்கு ஸ்வெட்டரே போடலாமாட்ட இருக்குது.”

“தூசி வரக்கூடாதுன்னுதானுங்ணா உறை போட்டேன்.”

“தூசி வந்துருச்சு, காத்துத்தான் வரலை. சித்திரை வெயில்ல இன்டர்லாக் போட்டு மூடி வெச்சா எந்த மெஷினு தாங்கும்?”

பெட்டியை ஸ்கூட்டரில் காலிடுக்கில் வைத்துக்கொண்டு கம்பெனிக்குப் போனார். நானும் பின்னால் உட்கார்ந்து போனேன். எங்கள் ஊர் கம்பெனிகளில் எதைச் சுத்தம் செய்வதென்றாலும் ஏர்தான். கம்ப்ரசரிலிருந்து வரும் குழாயை நீட்டி மெஷினுக்கு அடிப்பார்கள். ஷிப்ட் முடிந்தால் தலையிலிருந்து கால்வரை தங்களுக்கும் அடித்துக்கொண்டுதான் வெளியே வருவார்கள். மச்சான் அதே குழாயை எடுத்துக் கம்ப்யூட்டரின் வயிற்றில் அடித்தார். பஞ்சு மேகமாகக் கிளம்பியது. உள்ளே இருந்த சின்ன ஃபேன் ஆம்புலன்ஸ் போலக் கூவிக்கொண்டு சுற்றியது. பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். பிறகு ‘டக்’ என்று ஒரு சத்தம். கூவல் நின்றது. இறக்கை ஒன்று உடைந்து தரையில் கிடந்தது.

அந்த அளவு ஃபேன் கடையில் இல்லை. திங்கட்கிழமைதான் வரும் என்றார்கள்.

இன்றைக்கு யாராவது கேட்டால் நான் சொல்வது இதுதான். கரண்ட் ஒயரை முதலில் பிடுங்கிவிடுங்கள். ஃபேன் சுற்றாதபடி ஒரு விரலாலோ பென்சிலாலோ பிடித்துக்கொண்டு, மெல்லிய பெயிண்ட் பிரஷ்ஷால் பஞ்சைத் தள்ளுங்கள். கம்பெனிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். பெட்டியைத் தரையில் வைக்க வேண்டாம், பஞ்சு முதலில் சேர்வது அங்கேதான். உறை தைத்துப் போடலாம், தவறில்லை. ஆனால் அணைத்து, சூடு ஆறிய பிறகு.

அன்றைக்கு இவற்றில் எதுவும் எங்களுக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் அவள் உடைந்த இறக்கையைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

“ஏனுங்ணா, நிட்டிங் மெஷினுக்கு அடிக்கிற ஏரையா இதுக்கு அடிச்சீங்க?”

“எங்க மெஷினு தெனமும் அதுலதான் குளிக்குது. உன்ற பொட்டி இத்தனை பூஞ்சையா இருக்கும்னு யாரு கண்டா? மாப்ள, நீங்க சிரிக்காதீங்க.”

நான் சிரிக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தபின் அவர் பெட்டிக்குள் குனிந்து பார்த்தார். “இதுக்குக் காத்துத்தானே வேணும்?” என்றார். பெட்டியைத் திறந்தபடியே மேசைமேல் படுக்கவைத்து, எங்கள் டேபிள் ஃபேனைத் தூக்கி வந்தார். சூடாகும் அலுமினியத் தகடுகளின்மேல் காற்று நேராகப் படும்படி அதைச் சாய்த்துப் பிடித்தார். பஞ்சு வராமலிருக்க நான் ஜன்னல்களைச் சாத்தினேன்.

கம்ப்யூட்டர் எரிந்தது. ஒரு காது முடிந்தது, அணையவில்லை. இரண்டாவது காதும் முடிந்தது. வீட்டிலிருந்த காற்று முழுவதும் கம்ப்யூட்டருக்குப் போக, நாங்கள் மூவரும் வேர்த்து வழிந்தோம். மச்சான் கை மாற்றி மாற்றிப் பிடித்தார். நான் வாங்கிக்கொள்கிறேன் என்றதற்கு, “வேண்டாங்க மாப்ள, ஒடைச்சது நானு” என்றார். குடைக்கு நான்கு நிறம் என்று தெரிந்தபோது மட்டும் வாய்விட்டார்.

“ஒரே கலர்ல குடை புடிச்சா அந்த ஆனை நனைஞ்சுருமா?”

“பேசாம புடிங்கண்ணா. காத்து அசையுது.”

வெயில் தாழ்ந்த நேரத்தில் படம் மெயிலில் போனது. மச்சான் ஃபேனை இறக்கிவைத்து, விரல்களை நீட்டி மடக்கி, செருப்பை மாட்டினார். அதற்குள் பிரிண்டிங் யூனிட்டிலிருந்து போன். அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

“படம் நல்லாருக்குதுங்க. ஆனை மட்டும் கொஞ்சம் சோகமா இருக்குது. சிரிக்கிறாப்பல வெச்சுக் குடுத்தீங்கன்னா இப்பவே ஸ்கிரீன் போட்ருவோம்.”

“இருங்க, இப்பவே அனுப்பறனுங்க.”

மச்சான் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து ஃபேனைத் தூக்கினார். அவள் யானையின் வாயோரத்தைச் சற்றே மேலே இழுத்தாள். கண்ணுக்கடியில் சின்னதாக ஒரு வளைவு. அனுப்பினாள். போன் மறுபடி அடித்தது.

“இது சரிங்க. போட்றோம். அடுத்த வாரம் ஒரு முயல் வேணும், பேசறேனுங்க.”

அவள் போனை வைத்துவிட்டு முகத்தை முந்தானையில் துடைத்தாள். அண்ணனைப் பார்த்து அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தாள். அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அம்முணி, இது என்னையப் பாத்துத்தான் சிரிக்குது” என்றார்.