லிஃப்டின் அகலம்

ஸ்ரீரங்கத்திலிருந்து திருச்சிக்குப் போகும் காவிரிப் பாலத்தில், நெரிசலில் ஆட்டோ நிற்கிறது. என் மடியில் எங்கள் கட்டட வடிவமைப்பு நிறுவனத்தின் ஆல்பம். பதினான்கு மாடிக் குடியிருப்பு ஒன்றின் படத்தை ஓட்டுநர் திரும்பிப் பார்க்கிறார்.

“மெட்ராஸ்ல இருக்கிறதுதானே சார்? எங்க அக்கா வீடு இதுலதாங்க. அப்பா அங்கதான் தவறினாரு. லிஃப்ட்ல படுக்க வைக்க இடமில்ல. நாற்காலியில உட்கார வச்சு, துண்டால கட்டி இறக்கினோம். கீழ வர்ற வரைக்கும் தலை என் தோள்லயே கிடந்துச்சு.”

வாசல் கூடம் பெரிதாகத் தெரியட்டும் என்று அந்த லிஃப்டைச் சுருக்கி வரைந்தவன் நான். பாராட்டும் வாங்கினேன்.

“இந்தக் கம்பெனியில உங்களுக்கு என்ன வேலைங்க?”

“ஆல்பம் அச்சடிச்சுக் கொடுக்கிறேன்,” என்கிறேன். படத்தின் கீழே இருக்கும் என் பெயர்மேல் கட்டைவிரலை அழுத்தி வைத்திருக்கிறேன்.