ஆறாம் நம்பர் அத்தான்

என் அக்காள் ஆர்லிஸைக் கட்டிய வெர்லின் டோஸ்ட்ருடுக்குத் தெரியாத விஷயம் தெற்கு டகோட்டாவிலேயே கிடையாது. தானியக் கிடங்கில் லாரி எடை போட்டு ஓய்வு பெற்றவர்தான். ஆனாலும் மழை, மாட்டு வைத்தியம், தேவாலயக் கூரையின் ஒழுக்கு எல்லாவற்றுக்கும் தீர்ப்பு வைத்திருப்பார். அவர் வைத்தியத்தில் பிழைத்த கன்றுக்குட்டியை நான் இதுவரை பார்த்ததில்லை.

ஃபெசன்ட் என்ற காட்டுக்கோழி வேட்டைக்கு அத்தானிடம் ஒரே வேதம்தான், ஆறாம் நம்பர் ஈயத் தோட்டா. ஆனால் சீசனின் முதல் வாரம் முடிந்ததும் பறவைகள் வயலை விட்டுச் சதுப்புக் கோரைக்குள் பதுங்கிவிடும். அது அரசாங்க நிலம். தோட்டாவிலிருந்து சிதறும் ஈய ரவையை வாத்துகள் விழுங்கிச் சாகின்றன என்று அங்கே ஈயத்துக்குத் தடை, எஃகு ரவை மட்டும்தான் சுடலாம். பையில் இருந்தாலே அபராதம். "வாத்துக்கு வயித்துவலின்னா நான் என்ன பண்ண?" என்று அத்தான் அந்தப் பக்கமே மிதிக்காமல் இருந்தார்.

இந்த வருடம் டில்டாவுக்காகப் போயே ஆக வேண்டியிருந்தது. அத்தானின் கிழட்டு லாப்ரடார் நாய், இடுப்பு விட்டுப் போய்விட்டது. அடுத்த சீசனைப் பார்க்காது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். கடைசியாக ஒரு ஃபெசன்ட் சேவலையாவது அது கவ்வி வர வேண்டும் என்று அத்தான் தவித்தார். அந்தத் தவிப்பை மட்டும் நான் கேலி செய்ததில்லை.

தோட்டாக் கடை கர்ட் பொறுமையாகச் சொன்னான். "எஃகு லேசு, வெர்லின். ஈயத்துல ஆறு சுடுறவங்க இதுல நாலுக்காவது இறங்கணும். ரெண்டுன்னா இன்னும் நல்லது. நம்பர் குறையக் குறைய ரவை பெருசு."

"உங்கப்பனுக்கே சுடக் கத்துக் குடுத்தவன்டா நான். எஃகுலயும் ஆறே குடு."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். நான் ரெண்டாம் நம்பர் வாங்கினேன்.

"குறி வராதவங்களுக்குத்தான் பெரிய ரவை, லாவோன்."

"ஆமா அத்தான். நீங்க கண்ண மூடிக்கிட்டே சுடுங்க."

சனிக்கிழமை கோரைக்குள் இறங்கினோம். முதல் சேவல் அத்தானின் காலடியிலிருந்தே கிளம்பியது. சுட்டார். நாலு இறகு உதிர்ந்தது, பறவை தண்ணீரைத் தாண்டிப் போயே போய்விட்டது. இரண்டாவதும் அப்படியே. எங்கேயோ விழுந்து கிடந்து சாகும், பாவம்.

"காத்து இழுத்துருச்சு" என்றார். அங்கே ஒரு கோரைகூட அசையவில்லை.

அத்தான் சுட்டால் விழுந்திருக்கும் என்று டில்டாவுக்கு அப்படி ஒரு நம்பிக்கை. நொண்டிக்கொண்டே பனித்தண்ணீரில் சுற்றிச் சுற்றி மோந்து தேடியது. கூப்பிட்டும் வரவில்லை. அந்த மனுஷனை ஓங்கி அறையலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது.

மூன்றாவது சேவல் என் பக்கம் எழும்பியது. சுட்டேன், பொத்தென்று விழுந்தது. டில்டா கவ்விக்கொண்டு வந்தது. என்னைத் திரும்பியும் பார்க்காமல் தாண்டிப் போய், நடுங்கிக்கொண்டே அத்தான் கையில் வைத்துவிட்டு வாலை ஆட்டியது.

அத்தான் மண்டியிட்டு அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டார். பிறகு என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

"லாவோன், உன் தோட்டாவுல ரெண்டு குடேன்."

"காது கேக்கல, அத்தான்."

"நான் சுட்டதுன்னு நினைச்சுக்கிட்டு நிக்கிறாம்மா இவ."

பெட்டியோடு கொடுத்துவிட்டேன்.