நிற்கத் தெரியாத சப்பாத்து

அந்தச் சப்பாத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கடை மேசையில் வைத்தபோது அது ஒழுங்காக நிற்கவில்லை, ஆடியது. நடுப்பாகம் மட்டும் மேசையில் பட்டுக்கொண்டிருந்தது. முன்நுனியும் குதிகாலும் மேலே தூக்கிக்கொண்டிருந்தன. நுனியை விரலால் அழுத்தினால் குதிகால் எழும்பும், விரலை எடுத்தால் பழையபடி வந்து உட்காரும். குழந்தைகள் ஏறி ஆடும் மரக்குதிரையின் அடியில் இருக்குமே, அந்த வளைவு. என் நாத்தனார் அதை இரண்டு தடவை அழுத்திப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். “என்னண்ணி இது, இதப் போட்டுட்டு நான் ஓடணுமா, இல்ல தொட்டில் ஆட்டணுமா?” என்றாள்.

அவளை நாத்தனார் என்று நான் சொல்வது சட்டப்படி சரியில்லை. அவளுடைய அண்ணனுக்கும் எனக்கும் நீதிமன்றத்தில் தீர்ந்து போய் அப்போதே வெகு நாளாகிவிட்டது. எங்களுக்குள் பெரிய சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை. அதனாலேயே சமாதானம் பேசவும் யாருக்கும் வழியில்லாமல் போயிற்று. அவர் கோலாலம்பூரில் வேலை பார்த்தார். வார இறுதியில் வந்துகொண்டிருந்தவர் மாதம் ஒருமுறை வரத் தொடங்கினார். பிறகு ஒரு நாள் வந்து, இனி வேண்டாம் என்று தெளிவாகச் சொன்னார். பிள்ளைகளும் இல்லை. நான் துணிமணிகளை எடுத்துக்கொண்டு கோலசிலாங்கூர் பட்டணத்தில் ஒரு கிளினிக்குக்கு மேலே அறை எடுத்துத் தங்கினேன். விளையாட்டுச் சப்பாத்து விற்கும் கடையில் எனக்கு ஏற்கெனவே வேலை இருந்தது, அது கைகொடுத்தது.

அந்த வீட்டாருக்கு நான் அன்றோடு இல்லாமல் போனேன். பாசார் சந்தையில் நான் எதிரே வந்தால் மாமியாருக்குத் திடீரென்று மீன் மேல் அக்கறை வந்துவிடும். அவள் மட்டும் மாறவில்லை. நான் அறைக்கு வந்த முதல் வாரமே போன் செய்து, “அண்ணி, நாளைக்கு ஓட வரீங்களா இல்லியா?” என்று கேட்டாள். அந்த ‘அண்ணி’ என்ற சொல்லைக் கேட்டதும் நான் போனை மூடிவைத்துவிட்டு அழுதேன். கட்டினவரை விட்டு வர என்னால் முடிந்தது. அந்த ஒரு வார்த்தையை விட முடியவில்லை. உலகத்தில் என்னை அப்படிக் கூப்பிட அவள் ஒருத்திதான் இருந்தாள்.

நாங்கள் ஓடியது ஒரு தோட்டத்துச் செம்மண் சாலையில். இரண்டு பக்கமும் செம்பனை, நடுவில் டிராக்டர் போகிற அகலம். இரண்டு பேர் தோளோடு தோளாக ஓடத் தாராளமாக இடம் இருக்கும். எங்கள் வேகத்தை ஓட்டம் என்று ஒப்புக்கொள்ள நல்ல மனசு வேண்டும். பேச்சு அறுந்துபோகாத வேகம்தான் எங்கள் வேகம். மூச்சு வாங்கி ஒருத்தியால் பேச முடியாமல் போனால் மற்றவள் தானாகவே மெதுவாகிவிடுவாள். பட்டணத்தில் நடந்த போட்டிகளில் இரண்டு முறை கலந்துகொண்டோம். இரண்டு முறையும் நாங்கள் வந்து சேர்ந்தபோது கூடாரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஓட்டம் முடிகிற இடத்தில், செம்மண் சாலை பெரிய சாலையைத் தொடும் முனையில், பேருந்து வராத ஒரு பஸ் நிறுத்தம் இருந்தது. உட்காரும் பலகை என்றைக்கோ போய்விட்டது, இரும்புக் கால்கள் மட்டும் மிச்சம். அங்கே நின்றபடி பேசுவோம். அவள் என் அறைக்கு வர முடியாது, வீட்டில் தெரிந்துவிடும். நான் அங்கே படியேற முடியாது. வீட்டில் அவள் ஓடப் போவதாகத்தான் கணக்கு. ஓட்டத்துக்கு யார் தடை சொல்வார்கள்? அவள் பாலர் பள்ளியில் ஆசிரியை. அங்கே யார் யாரைக் கடித்தார்கள், பெண் பார்க்க வந்தவர்கள் எவ்வளவு பலகாரம் தின்றார்கள், அம்மா எப்படிப் பெருமூச்சு விட்டார் என்று எல்லாம் அங்கேதான் எனக்கு வந்து சேரும். வெயில் ஏறி லோரிகள் வரத் தொடங்கும்வரை நிற்போம். உண்மையைச் சொன்னால், அப்படி நிற்பதற்காகத்தான் நான் ஓடினேன்.

அந்தச் சமயத்தில் அவளுடைய வலது கால் பெருவிரல் மடங்க மறுத்தது. முதலில் ஓடும்போது வலித்தது, பிறகு நடந்தாலே வலித்தது. மூட்டு இறுகிவிட்டது, ஓட்டத்தை விட்டுவிடுவது நல்லது என்று மருத்துவமனையில் சொன்னார்கள். பஸ் நிறுத்தத்தில் அதைச் சொல்லிவிட்டு அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். ஓட்டம் போனால் என்ன போகும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். “ஓடாம இங்க வந்து நிக்க முடியுமா லா, அண்ணி? யாராச்சும் பார்த்துச் சொன்னா அம்மா என்னைச் சும்மா விட மாட்டாங்க” என்றாள்.

சப்பாத்து விஷயத்தில் மட்டும் நான் யாருக்கும் சளைத்தவள் இல்லை. சாதாரணச் சப்பாத்தில் ஒவ்வொரு எட்டின் கடைசியிலும் விரல் மடங்கித்தான் தரையைத் தள்ள வேண்டும். வளைந்த அடி உள்ள சப்பாத்தில் விரலுக்கு அந்த வேலை கிடையாது. உள்ளே மடங்காத ஒரு தகடு இருக்கும், அடிப்பாகம் முன்னால் சரிந்து உருளும், கால் அதோடு சேர்ந்து போய்விடும். கணுக்காலுக்கும் கெண்டைக்காலுக்கும் பாதி ஓய்வு. ஆனால் வேலை எங்கேயும் மாயமாகப் போய்விடாது. அது மேலே ஏறி முழங்காலிலும் இடுப்பிலும் போய் உட்காரும். எல்லாரையும் அது வேகமாக்கும் என்று விளம்பரத்தில்தான் சொல்வார்கள். வளைவு தொடங்கும் இடத்துக்கும் ஓடுகிறவருடைய எட்டுக்கும் பொருத்தம் விழ வேண்டும். விழாவிட்டால் பணத்தைக் கொடுத்து வலியை வாங்கியதுதான் மிச்சம்.

அன்று கடை மேசையில் ஆடிய அந்தச் சப்பாத்தில் அவளுக்குப் பொருத்தம் விழுந்தது. கடையின் நடைபாதையில் இரண்டு முறை போய் வந்தவள் மூன்றாவது முறை தானாகவே ஓடினாள். விரல் வலிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே இன்னொரு முறை ஓடினாள். அவளை மீட்டுவிட்டேன் என்று நினைத்தேன்.

முதல் இரண்டு வாரம் தொடை வலிக்கிறது என்று புலம்பினாள். பிறகு உடம்பு அந்த உருட்டலைக் கற்றுக்கொண்டது. கொஞ்சம் முன்னால் சாய்ந்தால் போதும், சப்பாத்து அவளை அடுத்த எட்டுக்குத் தூக்கிக் கொடுத்தது. அவளுடைய கால் தரையில் படும் சத்தமே மாறிப்போனது. முன்பெல்லாம் தொப் தொப் என்று இரண்டு பேருடையதும் ஒரே மாதிரி கேட்கும். இப்போது அவளுடையது லேசாக, எனக்கு முன்னால் கேட்டது. நானும் ஒரு ஜோடி வாங்கிப் போட்டுப் பார்த்தேன், விடுவேனா? மூன்றாம் நாளே முழங்கால் வீங்கி, கடையில் மேலே உள்ள பெட்டியை எடுக்க ஏணி ஏற முடியாமல் கடை முதலாளி தவுக்கேயிடம் பேச்சு வாங்கினேன். என் முழங்கால் ஏற்கெனவே பழுது. அந்தச் சப்பாத்து எனக்கு ஆகாது என்று நானே எனக்குச் சொல்லிக்கொள்ள வேண்டியதாயிற்று.

அடுத்து செம்மண் சாலை போயிற்று. உயரமான, வளைந்த அடி கல்லில் ஏறினால் கால் பிசகும். அதற்குத் தார் சாலைதான் லாயக்கு. அதனால் அசாம் ஜாவா பக்கம் போகிற பெரிய சாலைக்கு மாறினோம். அங்கே செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் உரசிக்கொண்டு போகும், பக்கத்தில் பக்கத்தில் ஓட முடியாது. ஒருத்தி பின்னால் ஒருத்திதான் ஓட வேண்டும். பின்னால் ஓடியவள் யார் என்று சொல்லத் தேவையில்லை. அவள் திரும்பி ஏதோ சொல்வாள், காற்றும் லோரியும் அதைக் கொண்டுபோய்விடும். நான் கேட்ட மாதிரி தலையாட்டுவேன்.

ஓட்டம் முடிவது அதே பஸ் நிறுத்தத்தில்தான், நின்று பேசுவதாவது மிச்சம் இருக்கும் என்று நினைத்தேன். அந்தச் சப்பாத்தில் அதுவும் முடியவில்லை. நின்றால் உடம்பு முன்னும் பின்னும் ஆடும். அவள் குதிகாலுக்கும் நுனிக்கும் மாறி மாறிச் சாய்ந்துகொண்டே பேசுவாள். “நிக்க முடியல அண்ணி, போய்ட்டே இருக்கணும் போல இருக்கு” என்பாள். கழற்றிவிட்டு நில்லேன் என்று ஒரு நாள் சொன்னேன். வெறும் காலில் நின்றால் விரல் வலிக்கும் என்றாள். அதுவும் உண்மைதான். பேச்சு நாளுக்கு நாள் சுருங்கிற்று. அப்படி ஆடிக்கொண்டே நின்ற ஒரு காலையில்தான், “அண்ணனுக்குக் கல்யாணம் ரிஜிஸ்டர் ஆயிடுச்சு அண்ணி. சிம்பிளாதான் பண்ணாங்க” என்றாள். நல்லது என்றேன். அவள் இரண்டு முறை முன்னும் பின்னும் சாய்ந்தாள், பிறகு நேரமாகிறது என்று கிளம்பினாள். நான் அந்த இரும்புக் கால்களைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

அந்த வருடம் பட்டணத்தில் நடந்த அரை மாரத்தானில் அவள் பெயர் கொடுத்தாள். முழங்காலை வைத்துக்கொண்டு நான் கொடுக்கவில்லை. பெண்கள் பிரிவில் கோப்பை கிடைக்கும் என்று சாலையில் அவள் ஓடுவதைப் பார்த்தவர்கள் சொல்லியிருந்தார்கள். அவளுக்கு அந்த ஆசை நெஞ்சு முழுக்க இருந்தது. வீட்டில் கல்யாணம் ஆகாதவள் என்பதைத் தவிர அவளுக்கு வேறு அடையாளம் இல்லை. முடிவுக்கோட்டில் அம்மா, அண்ணன், அண்ணனுடைய புது மனைவி எல்லாரும் நிற்பார்கள். நான் அங்கே நிற்க முடியாது. அதனால் வெகு முன்னாலேயே, ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு வளைவில், தண்ணீர்ப் போத்தலோடு நின்றேன்.

அவள் வந்தபோதே தெரிந்துவிட்டது. களைத்து, உடம்பு பின்னால் சாய்ந்திருந்தது. பின்னால் சாய்ந்துவிட்டால் அந்த வளைவு உதவாது, ஒவ்வொரு எட்டும் குதிகாலில் இடித்து நின்று கிளம்பும். என்னைக் கண்டதும் வேகம் குறைந்தது. “அண்ணி, முடியல அண்ணி. கொஞ்சம் உங்ககூட நிக்கட்டுமா?” என்று அழுகிற குரலில் கேட்டாள்.

எத்தனை மாதமாக அந்த ஒரு கேள்விக்காக நான் காத்திருந்தேன்! நில் என்று சொல்லியிருந்தால் நின்றிருப்பாள். நின்றால் விரல் இறுகிவிடும், திரும்ப ஓட்டம் எடுக்காது, அதுவும் எனக்குத் தெரியும். “நிக்காத! முன்னால சாஞ்சுக்கோ, சப்பாத்து கொண்டுபோகும். போ!” என்று கத்தினேன். அவள் சாய்ந்தாள். கால் மறுபடி உருளத் தொடங்கியது. போத்தலை வாங்கக்கூட இல்லை. மூன்றாவது இடம். கோப்பையோடு அவர்கள் எல்லாரும் நிற்கிற படத்தைப் போனில்தான் பார்த்தேன். படத்துக்குக் கீழே, “நீங்க இல்லன்னா இது இல்லண்ணி” என்று எனக்கு மட்டும் ஒரு வரி எழுதியிருந்தாள்.

அதற்குப் பிறகு அவளுக்குப் பட்டணத்தில் ஓடுகிறவர்கள் கூட்டம் சேர்ந்தது. பெரிய சாலைக்கு வருவது வாரம் ஒன்றாகி, அதுவும் நின்றது. வீட்டில் இப்போது அவளை யாரும் கேள்வி கேட்பதில்லை. ஒரு சனிக்கிழமை மதியம் கடைக்கு வந்தாள், தனியாக இல்லை. கூட வந்த பெண்ணை நான் கோப்பைப் படத்தில், அவள் அண்ணனுக்குப் பக்கத்தில் பார்த்திருந்தேன்.

“அண்ணி ஓட ஆரம்பிக்கப் போறாங்க. நல்ல சப்பாத்தா பார்க்கணும்” என்றாள் நாத்தனார், மேசையைப் பார்த்தபடி. அண்ணி என்று அவள் சொன்னதும், என்னைத்தான் என்று நான் வாயைத் திறந்துவிட்டேன். நல்ல வேளை, சத்தம் வரவில்லை.

அந்தப் பெண்ணுக்கு நான் யாரென்று தெரியாது. தெரிந்திருந்தால் அவ்வளவு இயல்பாகக் காலை நீட்டியிருக்க மாட்டாள். நான் தாழ்வான முக்காலியில் உட்கார்ந்து பாதத்தை அளந்தேன். இனிமையான பெண், கூச்சத்தோடு சிரித்தாள். வயிறு எரிந்தது, மறைக்க என்ன இருக்கிறது? தட்டையான சப்பாத்து ஒன்றைக் கொடுத்து, ஆரம்பிக்கிறவர்களுக்கு இதுதான் நல்லது என்று சொல்லலாம். யாரும் குறை சொல்ல முடியாது. அவள் பின்தங்குவாள், சலித்துப்போவாள், வீட்டில் உட்கார்ந்துவிடுவாள். கொஞ்சம் நடந்து காட்டுங்கள் என்றேன். நடந்தாள். முழங்காலில் கோளாறு இல்லை, இடுப்பு உறுதி, எட்டு நேராக விழுந்தது. பொருத்தம் கண்ணுக்கு நேராகத் தெரிந்தது.

“உங்களுக்கு வளைஞ்ச அடி சரியா வரும். மெதுவா பழகுங்க, முதல்ல தொடை வலிக்கும்” என்றேன். போட்டுக்கொண்டு எழுந்தவள் ஆடினாள். நாத்தனார் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் கடை முழுக்கச் சிரித்துக்கொண்டே பக்கத்தில் பக்கத்தில் நடந்தார்கள். தவுக்கேகூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

அவ்வளவு நேரமும் நாத்தனார் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. இங்க பாருங்க, அந்தக் கலர் இருக்கா, என்று பேரில்லாமலே பேசினாள். நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். கதவருகே போய் என் பக்கம் திரும்பினாள். பக்கத்தில் நின்றவளை ஒரு பார்வை பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது.

“வரேன்க்கா” என்றாள்.

“சரிம்மா, போயிட்டு வா” என்றேன். அவளைக் குறை சொல்ல மனம் வரவில்லை. பக்கத்தில் அண்ணியை வைத்துக்கொண்டு வேறு எப்படித்தான் கூப்பிடுவாள்?

இப்போது நான் பழையபடி செம்மண் சாலையில்தான் ஓடுகிறேன், தட்டைச் சப்பாத்தில். ஓட்டம் முடிந்ததும் அந்தப் பஸ் நிறுத்தத்தில் நிற்பதில்லை, நேராக அறைக்கு வந்துவிடுகிறேன். எனக்கே ஆச்சரியம், முன்பைவிட வேகமாக ஓடுகிறேன். பேச ஆள் இல்லாததால் மூச்சு மிச்சமாகிறது.