சனிக்கிழமை வரைக்கும் டீசல்

என் சித்தி ஓட்டும் பிக்கப் வண்டிக்குப் பத்தொன்பது வயது. கதவை மெல்லச் சாத்தினால் திறந்துகொள்ளும். கோபமாக அறைந்தால்தான் மூடும். இரண்டு வைப்பர்களில் ஒன்றுதான் அசையும், நல்லவேளையாக அது சித்தி உட்காரும் பக்கம். கிலோமீட்டர் காட்டும் எண்கள் நாலு வருஷமாக நகரவில்லை. "இதுக்கு மேல எண்ணி என்ன ஆகப்போகுதுன்னு வண்டிக்கே அலுத்துப்போச்சு," என்பார் சித்தப்பா.

அந்த வண்டியில் சித்தி துணி மூட்டை ஏற்றுகிறாள். ஊர் எல்லையில் இருக்கும் சலவைக்கூடத்திலிருந்து காலை ஆறரைக்குக் கிளம்புவாள். தங்கும் விடுதிகள் ஆறு, மருத்துவமனைகள் இரண்டு, ஒரு பிரசவ கிளினிக், ஒரு மாணவியர் விடுதி, ஒரு முடிதிருத்தகம். ஆக மொத்தம் பதினொரு இடம். வெளுத்த மூட்டையை இறக்குவாள், அழுக்கு மூட்டையை ஏற்றுவாள். பன்னிரண்டு வருஷமாக அதே பதினொரு இடம், அதே வரிசை. திங்கள் காலை டாங்கை நிரப்பினால் சனிக்கிழமை சாயங்காலம் டீசல் முள் சிவப்புக் கோட்டைத் தொடும். சித்தி நாள்காட்டி பார்த்ததில்லை. முள்ளைப் பார்த்தே கிழமை சொல்வாள்.

மூன்றரை வருஷம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் திரும்பி வந்தபோது, முள் வெள்ளிக்கிழமை மதியமே சிவப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அம்மா வீட்டில் கேள்விகள் அதிகம் என்று சித்தி வீட்டு மாடியறையில் பையை இறக்கியிருந்தேன். வந்த பத்தாவது நாளே எனக்குச் சுவர்கள் கிட்டே வருவது போலிருந்தது. சனிக்கிழமை, மெக்கானிக் கடைக்குப் போகிறேன் என்று சித்தி சொன்னதும், செருப்பை மாட்டிக்கொண்டு நானும் ஏறிவிட்டேன்.

அந்த மெக்கானிக்கை எல்லோரும் 'பார்க்கலாம்' என்றுதான் கூப்பிடுவார்கள். எதைக் கேட்டாலும் அதுதான் அவர் பதில். அன்று அவர் பார்த்துமுடித்திருந்தார்.

"ஃபில்டர் ரெண்டையும் போன மாசமே மாத்தியாச்சு. பைப்பு எங்கயும் ஒழுகலை. புகையும் கறுப்பா வரலை. இன்ஜின் நல்லாத்தான் இருக்கும்மா," என்றார் கையைத் துடைத்தபடி. பிறகு சிரித்துக்கொண்டே, "நீங்கதான் முன்னைவிட அதிகமா சுத்துறீங்களோ என்னவோ," என்றார்.

சித்தியின் வாய்க்கு ஊரே பயப்படும். விடுதி மேலாளர்கள் அவளிடம் ஒன்று சொல்லி மூன்று வாங்கிக்கொண்டு போவார்கள். அந்தச் சித்தி சாவியை மட்டும் வாங்கிக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். இறங்கி நாலடி நடந்தாள். திரும்பி வந்து கதவைத் திறந்து இன்னொரு தரம் இழுத்தாள்.

அன்று சாயங்காலம், நான் சமையலறையில் தட்டு கழுவிக்கொண்டிருக்கும்போது, பின்னால் வந்து நின்றாள்.

"உனக்கு வேலை வெட்டி ஒண்ணும் இல்லதானே?"

"சொல்லிக் காட்டுறியா சித்தி?"

"இல்லடி. திங்கக்கிழமைலருந்து என்கூட வா. ஒரு வாரம். நான் எங்கெங்க போறேன்னு நீ பார்த்துக்கிட்டே இரு."

"எதுக்கு?"

"அந்த ஆளு சொன்னதுதான். எங்கயாவது போய்ட்டு வந்து, போனதே தெரியாம இருக்கேனோ என்னவோ." உப்பு எங்கே என்று கேட்பது போன்ற குரலில் சொன்னாள். சொல்லிவிட்டு, நான் கழுவி வைத்த தட்டை எடுத்து மறுபடி கழுவ ஆரம்பித்தாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சித்தியின் மூத்த அக்கா, என் பெரியம்மா, இப்படித்தான் தொடங்கினாள். ஒரு நாள் ஒரே கடைக்கு மூன்று தரம் போய் மூன்று சோப்பு வாங்கி வந்தாள். எல்லோரும் சிரித்தோம். பெரியம்மாவும் சிரித்தாள். அடுத்த ஆறு வருஷத்தில் சிரிக்க ஒன்றும் மிச்சமில்லை. கடைசி இரண்டு வருஷம் அவளைக் குளிப்பாட்டி உடுத்திவிட்டது சித்திதான். பெரியம்மா அவளை 'நர்ஸ்' என்று கூப்பிட்டாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் 'மறந்துட்டேன்' என்ற வார்த்தையை நான் கேட்கவில்லை. யாருக்கும் எதுவும் மறக்காமல் இல்லை. சித்தப்பா கண்ணாடியைத் தேடுவார், ஆனால் "எங்கயோ வச்சேன்" என்பார். சித்தி குழாயை இரண்டு தரம் மூடுவாள், அடுப்பை மூன்று தரம் பார்ப்பாள். டாக்டரிடம் போகலாமே என்று நான் வாயெடுத்தபோது, "போய்? ஆமான்னு சொல்லிட்டா?" என்று கேட்டாள். கிலோமீட்டர் எண்கள் ஓடியிருந்தால் அது ஒரு சாட்சி. அதுவும் நின்றுபோயிருந்தது. டீசல் குறைவதற்கு வண்டி காரணமா, அவள் தலை காரணமா என்று சொல்ல ஆளில்லை.

திங்கட்கிழமை டாங்கை நிரப்பினோம். என் போனில் தூரம் கணக்கிடும் வசதியை ஓடவிட்டு மடியில் வைத்துக்கொண்டேன். மழைக்காலம், சாலையெல்லாம் சொதசொதவென்றிருந்தது. எத்தனையோ பஸ்களிலும் ரயில்களிலும் சன்னலோரம் உட்கார்ந்து ஊர் பார்த்திருக்கிறேன். ஒரே ஊரின் பின்வாசல்களை மட்டும் பார்த்துக்கொண்டு போவது இதுதான் முதல் தரம். சித்திக்கு எந்த விடுதியின் முகப்பும் தெரியாது. எங்கே குழாய் சொட்டும், எந்தக் காவலாளி தூங்குமூஞ்சி, எந்தக் கதவை முழங்காலால் தள்ள வேண்டும் என்பதெல்லாம் அத்துப்படி.

"புது அசிஸ்டெண்டா?" என்று கேட்டான் மாணவியர் விடுதிக் காவலாளி.

"இல்ல, எனக்குப் போட்ட போலீசு," என்றாள் சித்தி.

மதியம் மூன்று மணிக்குச் சலவைக்கூடத்துக்குத் திரும்பினோம். வண்டி நின்றதும் அங்கிருந்த செம்பட்டை நாய் ஓடி வந்து, பின்பக்கம் இடது சக்கரத்தோடு ஒட்டிச் சுருண்டுகொண்டது. "அதுக்கு உங்க சித்தி மேல அவ்வளவு பாசம்," என்றாள் இஸ்திரி போடும் அக்கா. "கடிச்சுத் திங்க ஒண்ணும் போடுறதில்ல, இருந்தாலும் பாரேன்."

அன்று சாயங்காலம் சித்தி வண்டிச் சாவியை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"ராத்திரி இது உன்கிட்ட இருக்கட்டும். தலகாணிக்குக் கீழ வச்சுக்கோ."

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சரி என்று மட்டும் சொன்னேன்.

புதன்கிழமைதான் ஒன்று கண்ணில் பட்டது. ஐந்தாவது இடம் முடிந்து பிரசவ கிளினிக்குக்கு வலது பக்கம் திரும்ப வேண்டும். திங்களும் செவ்வாயும் மழையில் கண்ணாடி மங்கியிருந்ததால் வழியை நான் சரியாகக் கவனிக்கவில்லை. போனில் பதிந்த தூரத்தை மட்டும் பார்த்தேன். அன்று வானம் வெளுத்திருந்தது. சித்தி இடது பக்கம் திரும்பினாள். ஒரு சந்து. இரண்டு பக்கமும் வீடுகள். அங்கே துணி போட யாருமில்லை.

"சித்தி, இங்க யாருக்கு?"

"யாருக்கும் இல்ல."

நான் போனில் ஓடும் தூரத்தைப் பார்த்தேன். வண்டி சந்தைச் சுற்றி ஊர்ந்து, கடைசியில் கிளினிக்கின் மேல்பக்கச் சமதளத்தில் வந்து நின்றது.

"கீழருந்து ஏறினா மேட்டுல நிறுத்தணும்," என்றாள், என் முகத்தைப் பார்த்துவிட்டு. "எட்டு மாசத்துக்கு முன்னாடி ஒரு நாள் ஹேண்ட்பிரேக் போடாம இறங்கிட்டேன். வண்டி ரெண்டடி பின்னால போய் அவங்க பூந்தொட்டியை உடைச்சுடுச்சு. டாக்டரம்மா சிரிச்சாங்க. நர்சுங்க சிரிச்சாங்க. உங்க சித்தப்பாவும் சிரிச்சாரு." ஹேண்ட்பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தாள். "எனக்குச் சிரிப்பு வரல."

இறங்கி, நாலடி நடந்து, திரும்பி வந்து இன்னொரு தரம் இழுத்தாள்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டே கால் மணிக்கு முள் சிவப்பைத் தொட்டது. சித்தி வண்டியைச் சாலையோரம் ஒதுக்கி நிறுத்தினாள்.

"எண்ணினியா?"

போனைக் காட்டினேன். "ஒவ்வொரு நாளும் எழுபது, எழுபத்தொண்ணு. அதே பதினொரு இடம்."

"வேற எங்கயும் போகல?"

"போகல."

"அந்தச் சந்து?"

"அது சுண்டைக்காய் தூரம் சித்தி. அதுக்கு ஒரு கரண்டி டீசல் ஆகும்."

"ராத்திரி?"

"சாவி என் தலகாணிக்குக் கீழதான். கழுத்து சுளுக்கிக் கிடக்கு, சாட்சி வேணும்னா தொட்டுப்பாரு."

சித்தி டாஷ்போர்டை ஓங்கி ஒரு அறை அறைந்தாள். "அப்போ வியாதி உனக்குத்தானா, பாவி!" என்றாள் வண்டியிடம். யாரோ நல்ல சேதி சொன்ன மாதிரி இருந்தது முகம். தோளால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் நாலு இடம் பாக்கியிருக்கு, பேசிக்கிட்டே இருக்காத," என்று கிளப்பினாள். பேசியது முழுக்க அவள்தான்.

என்ன வியாதி என்பது அன்று மூன்று மணிக்குத் தெரிந்தது. கண்டுபிடித்தது நாய்தான்.

வழக்கம்போல ஓடி வந்து இடது பின்சக்கரத்தோடு ஒட்டிச் சுருண்டது. மூட்டை இறக்க வழி வேண்டும் என்று அதைத் தள்ளப் போனவள், தடுமாறிச் சக்கரத்தின் நடுவில் கை வைத்துவிட்டேன். கை பொரிந்துபோனது. உதறிக்கொண்டே மறுபக்கம் ஓடி வலது சக்கரத்தைப் பயந்து பயந்து தொட்டேன். வெதுவெதுப்புதான். நாய்க்குச் சித்தி மேல் பாசமும் இல்லை, ஒன்றும் இல்லை. மழைக்குளிரில் அதற்கு ஒரு கணப்பு கிடைத்திருக்கிறது.

பார்க்கலாம் அண்ணன் வண்டியைப் பின்பக்கம் ஜாக்கியில் தூக்கினார். வலது சக்கரத்தை ஒரு தட்டுத் தட்டினார். அது பாட்டுக்குச் சுற்றியது. இடது சக்கரத்தைத் தட்டினார், அசையவில்லை. இரண்டு கையாலும் திருப்பினார். கர்ரென்று முனகிக்கொண்டு கால் சுற்று வந்து நின்றது.

"அட, நான் இன்ஜினையே நோண்டிக்கிட்டு இருந்திருக்கேன்," என்றார். "பிரேக் பிடிச்சபடியே ஓடியிருக்கும்மா. முன்னால இன்ஜின் இழுக்குது, பின்னால இது வரமாட்டேன்னு அடம் பிடிக்குது. டீசல் குடிக்காம என்ன பண்ணும்? ஹேண்ட்பிரேக்கை எப்படிப் போடுவீங்க, போட்டுக் காட்டுங்க."

சித்தி ஏறி உட்கார்ந்து போட்டுக் காட்டினாள்.

"யம்மா! வண்டியை நிறுத்துறீங்களா, கழுத்தை நெரிக்கிறீங்களா?" அவர் குனிந்து கேபிளைப் பிடித்துக் காட்டினார். உறைக்குள் துருவேறி, நரம்பு நரம்பாகப் பிரிந்திருந்தது. "இந்த இழுப்புக்குப் போயிடுது, திரும்பி வர மாட்டேங்குது. நீங்க லிவரை இறக்கிடுறீங்க, உள்ள பிரேக் ஷூ சக்கரத்தைப் பாதி கவ்வினபடியே இருக்கு. எத்தனை நாளா இப்படி இழுக்கிறீங்க?"

சித்தி என்னைப் பார்த்தாள்.

"எட்டு மாசமா," என்றாள்.

"டீசல் எப்போலருந்து குறையுது?"

"அஞ்சாறு மாசமா."

மறந்துவிடுவோமோ என்ற பயத்தில் இழுத்த இழுப்பு சக்கரத்தைப் பிடித்தது. சக்கரம் டீசலைக் குடித்தது. டீசல் குறையக் குறைய அவள் இன்னும் இறுக்கி இழுத்தாள். இதை நான் வாய்விட்டுச் சொல்லப் போனேன். அதற்குள் சித்தி சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். பழைய டயர் மேல் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். வண்டி பழுது என்று கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆளைத் தான் பார்த்ததில்லை என்றார் பார்க்கலாம் அண்ணன்.

கேபிளும் பிரேக் ஷூவும் மாற்றி, டயர்களுக்குக் காற்று அடித்துக் கொடுத்தார். "ஹேண்ட்பிரேக்குக்கு மூணு கிளிக் போதும். ஒத்தைக் கையால. புரியுதா?"

"பார்க்கலாம்," என்றாள் சித்தி.

அடுத்த திங்கட்கிழமை டாங்கை நிரப்பினோம். நான் போக வேண்டிய அவசியமில்லை, இருந்தாலும் போனேன். வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு பேரும் முள்ளைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டே வந்தோம். சிவப்புக்கு நன்றாக மேலே நின்றது. கிளினிக்குக்கு அன்று கீழிருந்தே ஏறி, மேட்டில் நிறுத்தினாள். மூன்று கிளிக். வாசலில் புதுப் பூந்தொட்டி இருந்தது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

சித்திக்கு இனி எப்போதும் எதுவும் வராது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. எனக்கும் அது தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனால் இந்தத் தரம் அவள் தலை மேல் பழி இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கு மழை இருட்டில் வீடு வந்து சேர்ந்தோம். முள் அப்போதுதான் சிவப்பைத் தொட்டது. சித்தி ஹேண்ட்பிரேக்கை ஒற்றைக் கையால் போட்டாள், இறங்கிக் கதவை அறைந்தாள், நாலடி நடந்தாள். நான் எண்ணிக்கொண்டே நின்றேன். ஐந்தாவது அடியும் வைத்தாள். படியேறி உள்ளே போய்விட்டாள்.

சித்தப்பா சன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, ஹெட்லைட்டு எரியுதே! பக்கத்து வீட்டுச் சுவருக்கு வெளிச்சம் போட்டு என்ன பண்ணப்போற?"

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. ஒரு நொடி வீடே காதைத் தீட்டிக்கொண்டு நின்றது போலிருந்தது.

"அட, மறந்துட்டேன்!" என்றது சித்தியின் குரல். "நீங்க சும்மாதானே நிக்கிறீங்க, போய் அணைச்சுட்டு வந்தா தேய்ஞ்சா போயிடுவீங்க?"

சித்தப்பா என்னைப் பார்த்தார். பிறகு, இத்தனை மாதம் எங்கேயோ வைத்திருந்த சிரிப்பைத் தேடி எடுத்தவர் போல், சிரித்துக்கொண்டே ஹெட்லைட்டை அணைக்கப் படி இறங்கி வந்தார்.